நம்பர் மேல் வைத்த பொட்டு

1

இன்று ஆயுத பூஜை. காலையிலேயே என் யார்டில் இருக்கும் இழுவை லாரிகளை எல்லாம் கழுவி, வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம் குங்குமம் வைத்தேன். சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் மரத்தில் பறித்தது. முதல் வருஷம் அவர், நல்ல பழத்தை எதற்கு நசுக்குகிறாய் என்று சண்டைக்கு வந்தார். இப்போது அவரே தன் புல் வெட்டும் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து என் வரிசையில் நிறுத்துகிறார். லாரி ஓட்டுகிற சமோவாக்காரர்கள் பொரிகடலையைக் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். ஆக்லாந்து ஊரில் ஆயுத பூஜையை இப்படி நடத்துகிறவன் வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள், பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் வைத்த கை துப்பாக்கிப் பெட்டகத்தின் முன்னால் மட்டும் நின்றுவிட்டது. அதற்கு நான் பொட்டு வைக்கவில்லை. போன வருஷம் பூஜைக்கு முந்தின நாள், பெங்களூர் விமான நிலையத்தில், என் கட்டைவிரல் செய்த வேலையால் என் மகள் காவேரியின் துப்பாக்கி பறிபோக இருந்தது. அந்தக் கதையை நம் ஊர் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். துப்பாக்கியோடு பயணம் போகிறவர்களுக்குப் பாடமாகவும் இருக்கும்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் பெங்களூர் ஒக்கலிபுரத்து முனுசாமி. ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம் பிறந்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தபின் நான் செய்யாத வேலை இல்லை. கடைசியில் என் பெயரை நாலு பேர் அறியவைத்தது பலூன் பலகை.

ஒரு பலகையில் வரிசையாகப் பலூன் கட்டி, காற்றுத் துப்பாக்கியை வாடகைக்குக் கொடுத்துச் சுடவைக்கிற தொழில். சிவாஜிநகர் மாதா கோவில் தேர்த் திருவிழா, பசவனகுடியில் பரிஷெ என்கிற கடலைக்காய்த் திருவிழா, எங்கே கூட்டமோ அங்கே நான். மற்றவர்கள் பலகையில் துப்பாக்கி கோணலாகச் சுடும். என்னுடையது நேராகச் சுடும். ஜனங்களுக்கு அது தெரியும், என்னிடம்தான் வந்து நிற்பார்கள். காலையில் கடை விரித்ததும் அந்தத் துப்பாக்கியின் குழல் ஆரம்பிக்கிற இடத்தில், கொஞ்சம் தட்டையாக இருக்குமே, அங்கே கட்டைவிரலால் ஒரு குங்குமப் பொட்டு. அது வைக்காமல் ஒரு குண்டுகூடப் போட்டதில்லை.

எங்கண்ணன் ஏழுமலை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு என் தொழில் கேலி. "இன்னாடா பலூன்காரா, இன்னிக்கு எத்தினி புலி சுட்டே?" என்பான். நியூசிலாந்துக்கு வந்து, பழைய லாரி ஒன்றை வாங்கி, பழுதான கார்களை இழுக்க ஆரம்பித்து, இன்று இந்த யார்டுக்குச் சொந்தக்காரன் ஆன பிறகும் போனில் அவனுக்கு நான் பலூன்காரன்தான்.

3

இங்கே துப்பாக்கி உரிமம் வாங்குவது நம் ஊர் மாதிரி பெரிய மனிதர் சிபாரிசில் நடக்கிற காரியம் இல்லை. பாதுகாப்பு விதிகள் ஏழு. ஒவ்வொரு துப்பாக்கியையும் தோட்டா போட்டதாகவே நினை என்பது முதல் விதி. ஏழையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து, கந்த சஷ்டி கவசம் சொல்வது போல் தடங்கலில்லாமல் ஒப்பித்தேன். பரீட்சை வைத்தவருக்கே நடுவில் ஒன்று மறந்துபோயிருக்கும்.

பிறகு வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். இவருக்குக் கோபம் வருமா என்று என் வீட்டுக்காரியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவள் தன் ஆங்கிலத்தில், "வரும், தினமும், ராத்திரி எட்டு மணிக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டார். சாப்பாடு தாமதமானால் வருகிற கோபம் அது என்று புரியவைப்பதற்குள் இரண்டு காபி போட வேண்டியிருந்தது. உரிமம் கிடைத்தது. காபிக்காகத்தான் என்று அவள் இன்னும் சொல்கிறாள்.

முயல் சுட வாங்கிய துப்பாக்கி எனக்கு. ஆனால் அதில் கண்ணை வைத்தது என் மகள். பெயர் காவேரி. பிறந்தது இங்கே. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். கோவிலுக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது. இருபது தாண்டியதும் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அவளும் உரிமம் எடுத்து, தனக்கென்று அளவெடுத்துச் செய்துகொண்ட துப்பாக்கி மட்டும் என் பெட்டகத்திலேயே தங்கிவிட்டது. சனிக்கிழமை மட்டும் குறி பார்த்துச் சுடும் கிளப்புக்கு என்னோடு காரில் வருவாள். வழியில் பேச்சு கொஞ்சம். திரும்பும்போது எத்தனை புள்ளி என்பதோடு சரி. ஆனால் அவள் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு பொத்தான் அளவு வட்டத்தைத் துளைக்கிறபோது பார்க்க வேண்டும். மூச்சை அடக்குகிற அந்த அடக்கம் எங்கள் வம்சத்தில் வேறு யாருக்கும் கிடையாது. எனக்கும் கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் பெங்களூரில் உள்ள ஒரு கிளப்பிலிருந்து அவளுக்கு ஒரு போட்டிக்கு அழைப்பு வந்தது. அவளுக்கு அது வெறும் போட்டி. எனக்கு அப்படி இல்லை. பலூன் பலகையைத் தோளில் சுமந்த ஊரில் என் மகள் துப்பாக்கி பிடிக்கப் போகிறாள். அண்ணனுக்கு உடனே போன் போட்டேன்.

"வரட்டும் வரட்டும்," என்றான். "பலூன் நான் வாங்கி வெக்கிறேன்."

4

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். துப்பாக்கியோடு வெளிநாடு போவது சூட்கேஸோடு போவது போல் இல்லை. உங்கள் ஊர் உரிமம் உங்கள் ஊர் எல்லையோடு முடிந்துவிடும். எல்லை தாண்டினால் அது வெறும் அட்டை.

துப்பாக்கி வெளியே போக இங்கே ஒரு அனுமதி. அதே துப்பாக்கி திரும்பி உள்ளே வர ஒரு அனுமதி. இந்தியாவில் இறங்க அங்கே ஒன்று. அதற்குக் கிளப்பின் அழைப்புக் கடிதம், தூதரகம், பிறகு காத்திருப்பு. நடுவில் சிங்கப்பூரில் விமானம் மாறுகிறீர்கள், கால்கூட வெளியே வைக்கப்போவதில்லை, அப்படியும் சிங்கப்பூருக்கு ஒரு அனுமதி. நம் ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பெட்டி தானாக ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது, நமக்கென்ன என்று நினைப்பார்கள். பெட்டிக்குள் இருப்பது துப்பாக்கி. அது எந்த நாட்டு மண்ணில் இறங்கினாலும் அந்த நாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

விமானக் கம்பெனிக்கும் முன்கூட்டியே எழுத வேண்டும். துப்பாக்கி காலியாக, பூட்டிய கெட்டிப் பெட்டியில், சரக்கறையில்தான் போகும். தோட்டா தனி, ஐந்து கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார்கள். நாங்கள் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று கிளப்பிலேயே தோட்டா வாங்கிக்கொண்டோம். சுத்தம் செய்கிற எண்ணெயும் தீப்பிடிக்கிற சாமான் கணக்கில் வருகிறது. அதுவும் வீட்டிலேயே இருந்தது.

இவ்வளவு காகிதத்திலும் பொதுவாக ஓடுவது ஒரே ஒரு விஷயம். துப்பாக்கியின் குழல் பக்கத்தில் வெட்டியிருக்கும் நம்பர். பெயரைவிட, போட்டோவைவிட, அந்த நம்பர்தான் சாட்சி. காகிதம் காவேரி பெயரில். என்னிடம் இங்கே உரிமம் இருந்தாலும் இந்தியாவில் அந்தத் துப்பாக்கியைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை. விதிகள் அடிக்கடி மாறும், என்னை நம்பி அப்படியே கிளம்பிவிடாதீர்கள். ஆனால் நம்பர் விஷயம் மாறாது.

5

ஆக்லாந்து விமான நிலையத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தனி கவுண்டர். ஒரு அதிகாரி பெட்டியைத் திறந்து, காலியாக இருக்கிறதா என்று பார்த்து, நம்பரை ஒத்துப்பார்த்து, தலையாட்டினார். காவேரி காகிதங்களில் கையெழுத்துப் போட மேசைப் பக்கம் திரும்பினாள். அதிகாரி சீட்டு ஒட்டப் போனார். பெட்டி திறந்தபடி என் முன்னால்.

நீங்களே சொல்லுங்கள். ஊருக்குக் கிளம்புகிற லாரிக்குப் பொட்டு வைக்காமல் அனுப்பியிருக்கிறேனா? சட்டைப் பையில் குங்குமச் சிமிழ் இருந்தது. என் கட்டைவிரல் வழி கேட்கவில்லை. மாதா கோவில் திருவிழாவில் போன இடத்துக்கே போனது. குழல் ஆரம்பிக்கிற இடம். கொஞ்சம் தட்டையான இடம். அழுத்தி ஒரு பொட்டு. பெட்டியை மூடினேன். அதிகாரி வந்து, நன்றி சொல்லி, பூட்டவைத்தார்.

அந்தத் தட்டையான இடத்தில்தான் நம்பர் வெட்டியிருந்தது.

6

பெங்களூரில் இறங்கி, எங்களிடம் துப்பாக்கி இருக்கிறது என்று நாங்களாகவே சுங்க மேசைக்குப் போனோம். அதுதான் முறை. மீசை வைத்த ஒரு அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். காவேரி திறந்தாள். என்னை மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள்.

அவள் தடவியிருந்த எண்ணெயில் குங்குமம் ஊறி, வழிந்து, வெட்டிய எழுத்துக்குள் எல்லாம் இறங்கி, காய்ந்து, கருஞ்சிவப்பாக இருந்தது.

அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "ஏனம்மா இது? ரக்தானா?" என்றார். ரத்தமா என்கிறார்.

காவேரிக்குக் கன்னடம் தெரியாது. ஆனால் அந்த முகம் புரிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கத்தினேன். "ரக்தா அல்ல சார், குங்குமா, குங்குமா!"

காவேரி என் பக்கம் திரும்பினாள். "ஏன்பா?" என்றாள். "ஏன்பா இப்படிப் பண்ண? யாரு உன்னை வெக்கச் சொன்னா? இத்தனை பேப்பர் நான் எழுதினேன், இத்தனை மாசம் அலைஞ்சேன், நீ ஒரு விரலை வெச்சு எல்லாத்தையும் கெடுத்துட்டியேப்பா!"

சபையில் நின்று திட்டு வாங்குகிறேன். ஆனால் திட்டு முழுவதும் தமிழில் வந்தது. ஒரு ஆங்கில வார்த்தை இடையில் இல்லை, பேப்பரைத் தவிர. அந்த நேரத்திலும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

எங்கள் பேச்சைக் கேட்டு அதிகாரியும் தமிழுக்கு மாறிவிட்டார். நம் ஊர் பழக்கம்தானே. "பெரியவரே, குங்குமம்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியுது. பேப்பர்ல நம்பர் இருக்கு. துப்பாக்கில நம்பர் இல்ல. அப்போ இது வேற துப்பாக்கி. அப்படித்தான் நான் எழுதணும்."

"துடைச்சிட்டா தெரியும் சார்."

"தொடக்கூடாது! துடைக்கிறப்போ தேஞ்சு போச்சுன்னா? நம்பரை அழிச்சா அது தனி கேஸ். இங்க வெச்சுட்டுப் போங்க, ரசீது தர்றேன். நாளைக்கு ஆயுத பூஜை, அப்புறம் விஜயதசமி. ஆபீஸ் திறந்ததும் வாங்க."

போட்டி அந்த விடுமுறையில்தான். மறுநாள் காலையில் கிளப்பில் ஆயுதப் பரிசோதனை. அதில் வைக்காத துப்பாக்கி போட்டிக்குள் போகாது. இரவல் துப்பாக்கியில் அவள் சுடமாட்டாள். அவள் தோளுக்கும் கன்னத்துக்கும் அளவு பார்த்துச் செய்தது அது. காவேரி பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாதக் கணக்கில் காத்திருந்த காகிதங்கள் அவள் கையில் விசிறி மாதிரி விரிந்திருந்தன.

நான் சும்மா நிற்கிற ஆள் இல்லை. சுற்றிப் பார்த்தேன். நாளைக்கு லீவு என்று இன்றே பூஜை போட்டு, அவர்களுடைய எக்ஸ்ரே மிஷினுக்குச் சாமந்தி மாலை. இரண்டு பக்கம் வாழைக்கன்று. நெற்றி மாதிரி இருக்கிற இடத்தில் விபூதிப் பட்டை, நடுவில் பெரிய குங்குமம். திரைக்கு மேலேயே கொஞ்சம் வழிந்திருந்தது.

"சார், உங்க மிஷினுக்கும் நம்பர் இருக்கும் இல்லே? அது எங்கே இருக்குன்னு இப்போ காட்டுங்க பார்ப்போம்."

அவர் திரும்பிப் பார்த்தார். மீசை அசைந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது ஊரைவிட்டு ஊர் போறதில்ல பெரியவரே," என்றார். ஆனால் உள்ளே போய் மேலதிகாரியை அழைத்துவந்தார்.

வந்தவர் ஒரு அம்மா. கையில் பிரசாதப் பொரி. பெட்டியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், பெயரில் நின்றார்.

"காவேரியா?" என்றார். "இது உங்களுதா, எங்களுதா?"

நம் ஊரில் இதைவிட ஆபத்தான கேள்வி கிடையாது. "அம்மா, வளர்த்தது நான். தண்ணி நீங்க விட்டாத்தான்," என்றேன்.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு ஒரு நொடியில் முகம் கறாராகிவிட்டது. "அனுமதி யார் பேர்ல இருக்கோ அவங்களே துடைக்கட்டும். கேமராவுக்கு நேரா. துணி மட்டும், நகம்கூடப் படக்கூடாது. நாங்க ரெண்டு பேர் சாட்சி. நம்பர் முழுசா வந்தா போகலாம். ஒரு எழுத்து வரலேன்னாலும் இங்கதான் இருக்கும்."

காவேரி துணியால் துடைத்தாள். மேல் பூச்சுதான் வந்தது. எழுத்துக்குள் இறங்கியது வரவில்லை. எண்ணெய் வேண்டும். எண்ணெய் ஆக்லாந்தில்.

மீசைக்காரர் மிஷின் பக்கம் போனார். பூஜைக்கு யாரோ நல்லெண்ணெய்ப் பாட்டில் வாங்கிவந்திருக்கிறார்கள். விமான நிலையத்துக்குள் விளக்கு ஏற்ற விடவில்லை என்று அது திறக்காமலே வாழைக்கன்றின் அடியில் இருந்தது. அதை எடுத்துவந்து வைத்தார். "சாமிக்கு வாங்கினது. பரவால்ல, இதுவும் பூஜைதான்."

அவள் ஒரு சொட்டு விட்டாள். காத்திருந்தாள். குறி பார்க்கும்போது அடக்குவாளே, அதே மூச்சு. துணியை விரல்நுனியில் சுற்றி, மெதுவாக, ஒரே திசையில் இழுத்தாள். முதல் எழுத்து வந்தது. மீசைக்காரர் உரக்கப் படித்தார். அடுத்தது. அந்த அம்மா காகிதத்தில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். நான் மஞ்சள் கோட்டில் நின்று மாதாவையும் முருகனையும் சேர்த்தே கூப்பிட்டேன். கடைசி எண்ணும் வெளியே வந்ததும் காவேரி துணியை மடித்து மேசைமேல் வைத்தாள்.

நம்பரை எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். "போறப்போ இதே நம்பர் வெளிய போகணும்," என்றார் மீசைக்காரர். என்னைப் பார்த்து, "அதுவரைக்கும் உங்க கட்டைவிரலைப் பையிலேயே வெச்சுக்குங்க பெரியவரே."

7

துப்பாக்கி நேராகக் கிளப்பின் ஆயுத அறைக்குப் போனது. வழியில் எங்கும் நிற்கக்கூடாது. அண்ணன் போனில் கத்தினான். "ஒரு நிமிஷம் ஊட்டாண்ட நிறுத்தேன்டா! அண்ணி ஆரத்தி கரைச்சு வெச்சிட்டு நிக்கிறா!" சட்டம் விடாது என்றேன். "இன்னாடா சட்டம், பலூன்காரனுக்கு?" என்றான்.

விடுவானா? போட்டியன்று காலை ஆட்டோவுக்கு மாலை போட்டு, அண்ணியை ஏற்றிக்கொண்டு கிளப் வாசலுக்கே வந்துவிட்டான். துப்பாக்கி உள்ளே, பெண் வெளியே. காவலாளிகள் பார்க்க, அண்ணி அவளுக்கு ஆரத்தி சுற்றினாள். காவேரிக்கு முகம் சிவந்துபோனது. அண்ணி ஒரு குங்குமப் பொட்டலத்தை அவள் கையில் திணித்தாள். அவள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். ஓட்டல் குப்பைத்தொட்டிக்குத்தான் போகப்போகிறது என்று நினைத்தேன்.

அண்ணனும் நானும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். சுட ஆரம்பித்தபிறகு அவன் வாய் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறை. முடிவு சொன்னார்கள். காவேரி இரண்டாவது.

"மொதல்ல வந்தது யாரு?" என்றான்.

"மைசூர்ப் பொண்ணாம்."

கொஞ்சம் யோசித்தான். "அங்கேயும் காவேரிதான் ஓடுது. உடு." பிறகு, என்னைப் பார்க்காமல், மைதானத்தைப் பார்த்துக்கொண்டே, "உன் பலகையில நான் ஒரு பலூன்கூட உடைச்சதில்லடா முனுசாமி," என்றான்.

அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது.

8

திரும்பும்போது பெங்களூரில் நம்பரைப் பார்த்தார்கள், பளிச்சென்று இருந்தது, அனுப்பிவிட்டார்கள். ஆக்லாந்தில் இறங்கியதும் மறுபடியும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நான் கையைப் பையில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றேன்.

அதிகாரி ஒரு இளம் வெள்ளைக்காரர். நம்பரைப் படித்தார், சரி என்றார். துப்பாக்கியைத் திருப்பினார். கட்டையின் அடிப்புறத்தில், தோளில் பதியும் பக்கம், இரும்பே இல்லாத, எழுத்தே இல்லாத இடத்தில், ஒரு சின்னக் குங்குமப் பொட்டு. நேர்த்தியாக, வட்டமாக. என் கட்டைவிரல் அவ்வளவு அழகாக வைக்காது.

"இது என்ன?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். காவேரி என்னைப் பார்த்து, "நீ சும்மா இருப்பா," என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னாள்.

"மேலே இருப்பது கம்பெனி போட்ட நம்பர். இது எங்கள் வீட்டு நம்பர்."

அவர் தன் காகிதத்தில் அதற்கு இடம் தேடினார். இல்லை. பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்.

இன்று காலை பூஜை முடிந்ததும் அவளுக்குப் போன் செய்தேன். சாயங்காலம் வருகிறாளாம். துப்பாக்கியைத் தொடாதே, நான் வந்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். குங்குமச் சிமிழைத் துடைத்துப் பெட்டகத்தின் மேல் வைத்திருக்கிறேன்.